தனி அடுப்பு

"மீன், கோழியெல்லாம் சுடற அடுப்புலயேதான் எங்களுக்கும் சுடுவேளா?" என்று மந்தைவெளி மாமி கேட்டார்.

"அதெப்படி மாமி? உங்களுக்குத் தனி அடுப்பு" என்றேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு அடுப்பு.

மாமியின் கணவருக்கு அறுபது முடிகிறது. விசேஷத்தன்று சாயங்காலம் மொட்டை மாடியில் நாற்பது பேருக்குப் பனீர், சோளம், சேனைக்கிழங்கு, அன்னாசி எல்லாம் கரியில் சுட்டுத் தர வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகன், யாரோ நண்பர் வீட்டில் நான் சுட்ட அன்னாசியைச் சாப்பிட்டுவிட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதுவரை எனக்குக் கடற்கரையோர வீடுகளின் ஞாயிற்றுக்கிழமை விருந்துகள்தான். மழை மாதங்களில் அதுவும் கிடையாது. மந்தைவெளியில் ஒரு வீட்டுக்குப் பிடித்துப்போனால் மயிலாப்பூர் வரைக்கும் பேச்சு போகும். அங்கே விசேஷம் இல்லாத வாரமே இல்லை. விசேஷத்துக்கு எட்டு நாள் இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பை முடிக்காமல் ரயில் ஏறியவன். மும்பையில் தட்டு கழுவினேன். கோவாவில் கரி அடுப்பில் நின்றேன். வளைகுடாவில் ஏழு வருஷம் ஆட்டுக்கறி சுட்டேன், அடுக்களைக்குப் பின்னாலேயே அரிசி மூட்டைகளின் மேல் தூங்கினேன். அந்தக் கடை மூடியதும் திரும்பி வந்து, ஊரூர் குப்பத்தில் ஒற்றை அறையில் இருக்கிறேன். மனைவி மீன் விற்கிறாள்.

அடுப்பு எனக்குத் தானாக வந்து சேர்ந்தது. பெசன்ட் நகரில் நான் சமைக்கப் போய்க்கொண்டிருந்த வெளிநாட்டுக் குடும்பம் ஊருக்குக் கிளம்பும்போது அதை என்னிடம் விட்டுப்போனது. கமாடோ என்று பெயர். தடித்த பீங்கான் சுவர், முட்டை வடிவம், கனத்த மூடி. கீழே ஒரு காற்றுவழி, மேலே ஒரு காற்றுவழி. இரண்டையும் விரல் அகலம் திறந்து வைத்தால் சூடு மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். குப்பத்தில் எல்லோரும் அதை முட்டை என்றே சொல்வார்கள். நான்கு வருஷமாக வஞ்சிரம், இறால், கோழி, பன்றி என்று எல்லாம் அதில் வெந்திருக்கின்றன. கொழுப்பு சுவருக்குள்ளேயே ஊறியிருந்தது.

மறுநாள் கரியை நிறையக் கொட்டி, இரண்டு வழிகளையும் முழுசாகத் திறந்து, மத்தியானம் முழுக்க எரித்தேன். மூடியைத் தொட முடியாத சூடு. கறுப்பெல்லாம் உதிர்ந்து உள்ளே வெள்ளையாகியது. ஆறியதும் புதுக் கம்பிவலை போட்டு ஒரு துண்டு அன்னாசி சுட்டு மனைவியிடம் கொடுத்தேன்.

மென்றாள். "நல்லா கீது. வஞ்சிரம் மாரியே கீது."

"விளையாடாத."

"நான் இன்னாத்துக்கு விளையாடறேன்? நீயே துன்னு பாரு."

தின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குப்பத்தில் இருக்கும் மூக்குக்குத் தெரியாதது மந்தைவெளி மூக்குக்குத் தெரியும்.

தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு முன்பு ஒரு முறை கோழி சுட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பெல்லட் கிரில் நின்றது நினைவுக்கு வந்தது. மரத்தூளை அழுத்திக் கோழித்தீவனம் மாதிரி செய்த குச்சிகள்தான் அதற்கு எரிபொருள். மின்சாரத்தில் சுற்றும் ஒரு திருகு குச்சிகளை நெருப்புக்குத் தள்ளும், விசிறி ஊதும். சூட்டைக் குமிழில் வைத்துவிட்டு நாம் பேசாமல் நாற்காலியில் உட்காரலாம். போய்க் கேட்டேன்.

"என் மவன் ஆசப்பட்டு வரவழைச்சான், தம்பி" என்றார் பெரியவர். "பக்கத்து ஃப்ளாட்டுக்காரன் புகைன்னு சண்டைக்கு வருவான்னு ஒருநா கூடப் பத்த வைக்கல. கார் நிறுத்த எடமில்ல. எடுத்துட்டுப் போயிருங்க."

"என்ன தரணும் அண்ணாச்சி?"

"ஒண்ணும் வேண்டாம். பேத்திக்குக் காதுகுத்து வருது. அந்த முட்டையத் தூக்கிட்டு வந்து கோழி சுட்டுக் குடுங்க."

மூடியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. எனக்கு வேண்டியது இதுதான். ஆனாலும், "ரெண்டு நாள்ல சொல்றேன்" என்றேன்.

"சும்மா குடுக்கறதுக்கே யோசனையாக்கும்!" என்று சிரித்தார்.

யோசனைதான். பதினைந்து வயதிலிருந்து ஒரு பைக்குள் அடங்காத எதையும் நான் வைத்துக்கொண்டதில்லை. ஓரிடம் சரியில்லை என்றால் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். முட்டை வந்ததும் அது முடியாமல் போயிற்று. அது என்னைவிடக் கனம். போன மழையில் சந்துக்குள் தண்ணீர் ஏறியபோது மற்றவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். நான் முழங்கால் தண்ணீரில் முட்டைக்குக் காவல் நின்றேன். இன்னொன்றும் வந்தால்? மின்சாரம் போனால் அந்த மெஷின் என்ன செய்யும்? போகாவிட்டால், அது தானே சுடும்போது நான் எதற்கு? இரண்டு நாளும் இப்படியே மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"ரெண்டையும் வச்சா நாம எங்கயா படுக்கறது?" என்றாள் மனைவி. "நீ முட்டைக்குள்ள படு. நான் மெஷின் மேல படுத்துக்கறேன்."

மூன்றாம் நாள் குட்டியானை வண்டி பிடித்துக் கொண்டுவந்து இறக்கினேன். அடுத்த நாள் நான் கிண்டிக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். திரும்பி வந்தால் குச்சி மூட்டையின் மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. வெயில் படும் எதையும் ஈரச் சாக்கால் மூடுவது மனைவியின் வழக்கம். மீன் கூடையை அப்படித்தான் காப்பாற்றுவாள். பாவம், நல்லதுக்குத்தான் செய்திருக்கிறாள். ஈரம் மூட்டைக்குள் இறங்கியிருந்தது தெரியாமல் அள்ளிப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். ஈரம் ஏறிய குச்சிகள் உதிர்ந்து புட்டு மாவாகித் திருகை இறுக்கிவிட்டன. சாயங்காலம் வரை ஸ்க்ரூ டிரைவரால் தோண்டித் திருகைச் சுற்ற வைத்தேன். விசேஷத்துக்கு இன்னும் மூன்றே நாள்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு பக்கம் முட்டை, ஒரு பக்கம் மீன் கூடை. நடுவுல நிக்கிது. இது எப்டியா சைவம்?"

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

மெஷினை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு மந்தைவெளிக்குப் போனேன். "கடல் காத்துல குச்சி நமுத்துப் போவுது மாமி. மெஷினை உங்க மாடி ரூம்ல வச்சுக்கட்டுமா?" என்றேன். அது உண்மைதான். மாமி வந்து பிளாஸ்டிக் தாளைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ரூம் காலியாத்தானே இருக்கு. பேஷா வெச்சுக்கோங்கோ."

அறுபது நன்றாக நடந்தது. அன்னாசிக்கு வரிசையில் நின்றார்கள். அடுத்த மூன்று மாதத்தில் அந்தத் தெருக்களில் நான்கு வீடுகளில் சுட்டேன். மெஷினை மாடியிலிருந்து இறக்குவேன், முடிந்ததும் கழுவி ஏற்றுவேன். குப்பத்தில் முட்டை, மந்தைவெளியில் மெஷின். இரண்டும் என்னுடையவைதான். ஆனால் ஒன்று என் கண்ணில் படாமல் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

ஒரு காலை மாமியின் தங்கை வீட்டு விசேஷத்துக்காக மாடி அறைக்குப் போனேன். மெஷினின் அடியில் எண்ணெய் சொட்ட ஒரு தகரக் குவளை தொங்கும். பனீருக்கும் சோளத்துக்கும் அதில் ஒரு ஸ்பூன்கூடச் சேராது. கழற்றினால், பாதிக் குவளைக்கு மஞ்சளாகக் கொழுப்பு உறைந்திருந்தது. அதற்குள் ஒரு சின்ன எலும்பு. கோழிக்கால் எலும்பைப் பார்த்ததும் தெரியாதா எனக்கு?

வாசலில் மகன் நின்றார். "அண்ணா, ப்ளீஸ். போன வாரம் அம்மா திருப்பதி போயிருந்தா. ஒரே ஒரு தடவை."

கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. "அடுப்பு சுத்தமா இருக்கோல்லியோ?"

அதே கேள்வி. குவளை கையில் குளிர்ந்தது. இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைய வேலை நடக்கும், மகனும் தப்பிப்பார். மூன்று மாதம் முன்னால் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு எட்டு நாள் தூங்காமல் கிடந்தது நினைவுக்கு வந்தது. படியில் இறங்கி, மாமியின் முன்னால் போய் நின்றேன்.

"இன்னிக்கு அதுல வேணாம் மாமி. என் கண்ணெதிர்ல இல்லாத அடுப்புக்கு நான் எப்படி வாக்கு குடுக்கறது?"

மாமி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தார். மகன் போனைப் பார்த்தார். அன்று தங்கை வீட்டில் தோசைக்கல்லில் பனீரை வாட்டிக் கொடுத்தேன். யாரும் வரிசையில் நிற்கவில்லை.

கிளம்பும்போது மகனிடம், "மெஷின் உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்றேன். நான் விரும்பித்தான் கொடுத்தேன். ஆனாலும் பஸ்ஸில் கை வெறுமையாக இருந்தது.

மூன்று வாரம் அந்தப் பக்கமிருந்து போனே இல்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அண்ணாச்சி வீட்டுக் காதுகுத்துக்கு முட்டையைக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டு வந்தேன். பிறகு ஒரு காலை, மனைவியோடு சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"கும்மட்டி அடுப்பு ஒண்ணு புதுசா வாங்கியிருக்கேன்" என்றார் மாமி. "கரியும் வாங்கியாச்சு. எங்காத்துலயே, என் கண்ணெதிர்லயே இருக்கும். சாயங்காலம் வந்து சுட்டுத் தரேளா?"

"வரேன் மாமி" என்றேன். போனை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தேன். சோப்பு போட்டேன். புளி போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சைத் தோலால் நகக்கண்ணெல்லாம் உரசினேன்.

"போதும்யா, தோலு உரிஞ்சிக்கப் போவுது" என்றாள் மனைவி.

மந்தைவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாமியின் கேட்டைத் தள்ளும் முன் விரல்களை மூக்கருகே கொண்டுபோனேன். அடுப்பைப் பற்றித்தான் மாமி இதுவரை கேட்டிருக்கிறார்.