இரைச்சல் படம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘டமாரம்’ என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. துணி பிழியும் மெஷின்களுக்கு நடுவே இருபத்திரண்டு வருடம் நின்றதில் இரண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப்போயிருந்தன. யார் பேசினாலும் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதுபோல இருக்கும். பாட்டை எப்போதோ தலைமுழுகிவிட்டாள்.

கூட இருப்பது கல்யாணமாகாத தங்கை ஒருத்திதான். தனியாகப் போகக் கூச்சப்பட்டு, புதிதாக வந்த ஒரு ராக் இசைப் படத்துக்கு அக்காவையும் துணைக்கு இழுத்துப்போனாள். பத்திரிகைகள் படத்தைக் கிழி கிழியென்று கிழித்திருந்தன. ‘கதை கால் பக்கம், இரைச்சல் இரண்டரை மணி நேரம்’ என்று ஒன்றில் வந்திருந்தது. இடைவேளையில் தங்கை காதைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். வாசலைக் காட்டி, அக்காவின் காதருகே குனிந்து கத்தினாள்.

“மண்டை வெடிக்குதுக்கா. வா, போலாம்.”

“நீ போ. நான் வரல.”

“ஏன், என்னாச்சு?”

“கேக்குதுடி! பாட்டுல ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது.”

லாரி ஷெட்டில் பாட்டுக்குழு நடத்தும் ஒருத்தியின் கதை அது. கிதார் அலறும்போது நாற்காலியின் கைப்பிடி நடுங்கியது. டிரம் அடி நெஞ்செலும்பில் விழுந்தது. அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து அந்தப் பெண் தொண்டை கிழியப் பாடியபோது டமாரம் விசும்பி விசும்பி அழுதாள். வரிகள் சுமார்தான் என்று அவளுக்கும் தெரிந்தது. அதனால் என்ன?

அடுத்த வாரம் ஷிப்டை மாற்றிக்கொண்டு தனியாக இரண்டு மேட்னி போனாள். ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். கடைசி முறை அரங்கில் மொத்தம் ஏழு பேர்.

நான்காம் முறை போனபோது வாசலில் வேறு போஸ்டர். டிக்கெட் கவுண்டர்க்காரர் ஏதோ சொன்னார். இவள் “என்ன?” என்றாள்.

“படத்தைத் தூக்கிட்டோம்மா!” என்று அவர் கத்தியதில் வரிசையே திரும்பிப் பார்த்தது. “ஈ, காக்கா வரல!”

தங்கை பாவம், அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்து போனில் முழுச் சத்தத்தில் வைத்தாள். காதோடு அழுத்திப் பார்த்தும் கரகரவென்று ஏதோ சுரண்டுவதுபோலத்தான் இருந்தது.

மறுநாளே அக்காவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் பரிசோதனைத் தாளைத் தங்கையிடம் காட்டினார். “நரம்பே செத்துடுச்சும்மா. காதுல மெஷின் வச்சாலும் பெரிசா பிரயோஜனம் இருக்காது. சத்தமான இடம் கூடவே கூடாது. சினிமா கினிமான்னு போனா மிச்சமும் போயிடும்.”

தங்கை அதை ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள். டமாரம் படித்தாள்.

“மிச்சத்தை வச்சிக்கிட்டு நான் என்னடி பண்ணப்போறேன்?”



டாக்டரின் தாளைப் பார்த்த சலவைக்கூட மேற்பார்வையாளர் அவளை மெஷின் பக்கத்திலிருந்து மடிப்பறைக்கு மாற்றினார். நல்லெண்ணம்தான். அங்கே நீள மேஜை, மலைமாதிரி வெள்ளைப் படுக்கைவிரிப்புகள், எதிரே ஒரு புதுப் பெண். மெஷின் பக்கம் காலடியில் தரையாவது அதிரும். இங்கே அதுவும் இல்லை. விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நாள் முழுக்க எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் வாரம் டமாரம் அவள் உதட்டை உற்றுப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.