அப்பாவின் பானைத் தண்ணீர்

உப்பு விஷயத்தில் எங்கள் சித்தி பொல்லாதவள். போன வருஷம் தன்னைப் பெண் பார்க்க வந்தவரின் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு, மனுஷனை அடுத்த ரயிலுக்கே ஓடவைத்தவள். அதனால் மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டுக்கு இன்னொரு மாப்பிள்ளை வருகிறார் என்றதும், அம்மா முதல் வேலையாக உப்பு ஜாடியை எடுத்து ஒளித்து வைத்தாள். அப்பாவின் பானையை மறந்துவிட்டாள்.

அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில், ரொம்ப ஆழத்தில் வேலை. அந்தச் சூட்டில் உடம்புத் தண்ணீரெல்லாம் வேர்வையாகக் கொட்டிவிடும், கூடவே உப்பும் போய்விடும். வெறும் தண்ணீராகக் குடித்தால் உடம்பில் நிற்காது, கால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்பார். அவர் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் ஒரு பானைத் தண்ணீரில் உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்து வைப்பது சித்தியின் வேலை. சீ, எனக்கு அதை வாயிலேயே வைக்க முடியாது.

வந்த மாப்பிள்ளையும் சுரங்கக்காரர்தான். மாற்று ஆள் வராமல் ஷிப்ட் நீண்டுபோய், வேலையிலிருந்து நேராக வந்துவிட்டார். சட்டை முதுகில் அப்பாவுக்கு இருப்பதுபோலவே வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். உள்ளே நுழைந்ததும் தன் சுரங்கத் தொப்பியை என் தலையில் கவிழ்த்தார். மூக்குவரை மறைந்துபோனது. இவர்தான் சித்தப்பா என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

பாயில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தண்ணீரை மடமடவென்று குடித்தார். அம்மா பஜ்ஜி போட அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் கோணிக்கொண்டது. தாத்தாவுக்கு நேராகக் காலை நீட்டிவிட்டார்! குடியாத்தத்திலிருந்து வந்திருந்த தாத்தாவுக்குச் சுரங்கத்தைப் பற்றி என்ன தெரியும்? எடுத்துச் சொல்ல அப்பாவும் இன்னும் ஷிப்ட் முடிந்து வரவில்லை. தாத்தா கிளம்புவதற்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னாடா இது, பெரியவங்க எதிர்ல!" என்று முன்னமே வந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா பல்லைக் கடித்தார். மாப்பிள்ளையோ வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். போச்சு, சம்பந்தம் போயே போச்சு!

கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த சித்தி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "உங்கப்பா பானைல ஒரு சொம்பு மொண்டுகினு போய் அவருக்குக் குடு."

அடிப்பாவி, இவரையும் விரட்டப் பார்க்கிறாளே! ஆனால் அவள் சொல்லை நான் தட்டியதே கிடையாது. அழாத குறையாகச் சொம்பைக் கொண்டுபோய் நீட்டினேன்.

ஒரு மடக்கு குடித்தவர் சட்டென்று நிறுத்தினார். கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "இன்னொரு சொம்பு குடும்மா" என்றார். அதுவும் காலியானது. மெல்லக் காலை மடக்கிக்கொண்டு தாத்தாவைக் கும்பிட்டார்.

"நரம்பு இழுத்துக்கிச்சிங்க, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு சம்மதம்."

"இன்னும் பொண்ணையே பாக்கலியேடா!" என்று அவர் அம்மா தலையில் அடித்துக்கொள்ள, தாத்தாவே சிரித்துவிட்டார்.

உள்ளே ஓடினேன். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், கண்ணெல்லாம் தண்ணீர். திட்டம் பலிக்கவில்லையென்று அழுகிறாள், பாவம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. இருந்தாலும் சித்தியை விட்டுக்கொடுக்க முடியுமா? அவள் தோளைத் தட்டி, "அழுவாத சித்தி, அடுத்த வாட்டி இன்னும் ஒரு கை உப்பு சேத்துப் போட்டுர்லாம்" என்று ஆறுதல் சொன்னேன்.