வண்டல் அள்ளலாமா?

வனத்துறையில் ரேஞ்சராக இருந்த கடைசி வருடங்களில் எனக்கு வந்த வேலை, ஈரநிலங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிப்பது. நாடு முழுவதற்கும் ஓர் இலக்கு வைத்திருந்தார்கள். எங்கள் மாவட்டத்தின் பங்கில், மேலூருக்குக் கிழக்கே நாரைகள் கூடு கட்டும் ஒரு கண்மாயும் இருந்தது. ஊராரிடம் விளக்கிச் சொல்லி, ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். நிதியாண்டு முடிய அந்த வாரம்தான் பாக்கி.

எங்கள் ஜீப் கண்மாய்க் கரையில் ஏறியதுமே ஊரார் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினார்கள். பின்னாலும் ஒன்று வந்து நின்றது. கண்மாயை வேலி போட்டு அடைக்கப்போவதாக முந்தின நாளே வாட்ஸ்அப்பில் செய்தி பரவியிருந்தது எனக்குத் தெரியாது. டிரைவர் கண்ணாடியை ஏற்றினார். நான் இறங்கினேன்.

பாசன சங்கத் தலைவர் பெரியகருப்பன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. இத அறிவிச்சப்புறம் நாங்க வயலுக்கு வண்டல் அள்ளலாமா, கூடாதா?"

எதெல்லாம் செய்யலாம் என்பதை ஒவ்வொரு கண்மாய்க்கும் தனியாகத்தான் முடிவு செய்வார்கள். இதற்கு இன்னும் செய்யவில்லை. தள்ளிப்போய் மதுரையிலிருந்த மேலதிகாரிக்கு போன் போட்டேன்.

"அள்ளலாம்னு சொல்லுங்கம்மா. கையெழுத்து வந்தாப் போதும்."

"பிறகு கூடாதுன்னு வந்தா, சார்?"

"அப்ப நீங்க ரிட்டயர் ஆகியிருப்பீங்க."

பெரியகருப்பனிடம் திரும்பி வந்தேன். "எனக்குத் தெரியாதுங்கய்யா. இன்னும் முடிவாகல. தெரியாம ஒங்ககிட்ட கையெழுத்துக் கேக்க மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீக?"

கூட்டத்திலிருந்து ஒரு கல் வந்து ஜீப்பின் பானட்டில் விழுந்தது. "கிளம்பிருவோம் மேடம்" என்றார் டிரைவர். கதவைத் திறந்தேன். ஆடு மேய்க்கும் பஞ்சவர்ணம் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நாரையக் காப்பாத்த வந்ததாச் சொல்றீக. குஞ்சு இருக்கயில கருவேல மரத்த ஏலம் விட்டது ஒங்க ஆபீசுதான? அத நிறுத்துவீகளா?"

அது உண்மை. கண்மாய்க்குள் நின்ற மரங்களை ஏலம் விட்டது எங்கள் துறைதான்.  ஜீப்பின் கதவைச் சாத்திவிட்டு, வேறு என்னவெல்லாம் கேட்கிறீர்கள் என்று விசாரித்தேன். கரையிலேயே உட்கார்ந்தோம். வண்டல், மேய்ச்சல், மீன் குத்தகை, மர ஏலம், ஒவ்வொன்றுக்கும் வாக்குவாதம். மீன் பேச்சில் அவர்களுக்குள்ளேயே கைகலப்பு வரப் பார்த்தது. சாயங்காலம்தான் டிராக்டர்களை எடுத்தார்கள்.

கையெழுத்துக்குப் பதில் ஊராரின் நிபந்தனைகளோடு போன என்னை மேலதிகாரி உட்காரச் சொல்லவில்லை. "டார்கெட்ல ஒண்ணு குறையுது. இத மேல யாரு சொல்றது?" என்றார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அந்த ஆண்டுக் கணக்கில் கண்மாய் விடுபட்டது.

பல மாதம் கழித்து அந்தக் கண்மாய்க்கான அறிவிப்பின் வரைவு தயாரானது. வண்டல் அள்ளவும் ஆடு மேய்க்கவும் அனுமதி இருந்தது. கூடு இருக்கும் வரை மரம் வெட்டத் தடை வந்தது. மீன் குத்தகையில் மட்டும் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. அதை நானே போய் முதலில் சொன்னேன். பெரியகருப்பன் முகம் கொடுத்துப் பேசவில்லை. கையெழுத்துப் போட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு இவ்வளவுதான் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு ஜீப்பில் ஏறிவிடாதீர்கள்.