விடச் சொன்ன ஒரு சால்

அன்றைக்குப் புஞ்சையில் இருந்தது மூன்று பேர்: டிராக்டரோடு நான், விதை போட வந்த என் வீட்டுக்காரி, எங்களுக்கு மண் பதம் பார்த்துச் சொல்லும் அவர். சின்னப் பிள்ளையில் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். இடைசெவலில் விவசாயம் பார்த்த சம்சாரி ஒருவர் எடுத்து வளர்த்து, உழவும் பழக்கிவிட்டார். பேர் மட்டும் இன்னும் அகதி முகாமில்தான்.

எப்போதும்போல் கரிசலை அள்ளி அமுக்கிப் பார்த்தார். "இன்னிக்குத்தான் பதம். ஆனா முகாம்ல தலை எண்ணுதாங்க."

ஈரம் போய்விடுமே என்று எனக்குப் பதற்றம். "போகாட்டி என்ன, அண்ணாச்சி?"

"பேரை வெட்டிருவாங்க. பெறகு என்னைய எந்த ஊர்க்காரன்னு சொல்லுவீரு? ஒரு உழவுசால் மட்டும் விதைக்காம விட்டு வையும், நான் வந்து விதைக்கேன்."

அதிகாரி வராததால் மூன்றாம் நாள்தான் அவரை விட்டார்கள். மண் காய்ந்துவிட்டது. இருந்தும் அந்தச் சாலில் கையாலேயே உளுந்து போட்டார். மற்ற சாலெல்லாம் முளைத்தன; அது முளைக்கவில்லை.

களையெடுக்க வந்த பெண்களிடம், "அந்தச் சால்ல மிதிச்சிராதீங்க" என்றார். அங்கே என்ன இருக்கிறதென்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.