பிஸ்கட் டின் மல்லி

பழைய வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அங்கே இருந்தது அம்மா, நான், கூலிக்கு லோரி ஓட்டி வந்த ஓர் அண்ணன், மூன்றே பேர். இன்று சுங்கை பூலோ நாற்றுக்கடையில் குண்டுமல்லி வாசம் பட்டதும் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

கிள்ளானில் புறம்போக்கு நிலத்தில் இருந்த எங்கள் பலகை வீட்டை எப்போது உடைப்பார்களோ என்ற பயத்தில், போகும்போது தூக்கிக்கொண்டு போகலாமென்று அம்மா மல்லியைத் தரையில் நடாமல் பிஸ்கட் டின்னிலேயே வளர்த்தார். பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிவிடுவார், செடி என் இடுப்பைத் தாண்டாமல் குட்டைப் புதராக நின்று, சாயங்காலமானால் சமையலறை வரை மணக்கும்.

"அதை நகத்தாதே, மொட்டு கொட்டிரும்" என்பார். நானும் பயந்து தொட்டதில்லை.

வீட்டைக் காலி செய்த அன்று தூக்கினால் டின் அசையவில்லை. அடித்தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, வேர் எப்போதோ தரைக்குள் இறங்கியிருந்தது. மூவரும் இழுத்தோம். துணி கிழிவதுபோல் வேர் அறுந்தது.

அம்மா கூலியை நீட்டியபோது லோரி அண்ணன் அதில் பாதியை, முப்பது வெள்ளியை, திருப்பிக் கொடுத்தார்.

"அழாதீங்க லா அக்கா. ஃபிளாட்டுல பூக்கட்டும், அப்ப வந்து வாங்கிக்கிறேன்."

நான்காம் மாடியில் ஒரு மொட்டுகூட வைக்காமல் செடி காய்ந்துபோனது. சாகும்வரை அம்மா அந்த டின்னைத் தூக்கி எறியவில்லை. லோரி அண்ணனுக்கு அந்த முப்பது வெள்ளி இன்னும் பாக்கி.