வாண்டு என்று எழுதிய குடுவை

நான் மூக்குக் கண்ணாடி விற்கிறவன். கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பிழைப்பு நடத்தினேன். தெரியாததோடு என் மனைவி குடும்பம் நடத்தினாள். ஞாயிற்றுக்கிழமையிலும் பாதி நாள் ஆய்வகத்துக்கு ஓடிவிடுவாள். "அதுங்களுக்குச் சாப்பாடு வைக்கணும்" என்பாள். எனக்கு யார் வைப்பது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அதுங்கள் என்றால் ஒட்டுண்ணிகள். ஒரு வகை ஈ கடித்தால் உடம்புக்குள் புகுந்து, மண்ணீரலை வீங்க வைத்து, காய்ச்சலிலேயே ஆளை உருக்கிவிடும் கிருமி. எந்தக் காலத்திலோ ஒரு நோயாளியிடம் எடுத்தது. அதன் வாரிசுகளைத் தட்டையான குடுவைகளில், இளஞ்சிவப்புத் திரவத்தில் வளர்த்துவந்தார்கள். அவற்றின் மரபணுக்களைத் துருவித் துருவி ஒரு புரதத்தைப் பிடித்தாள் இவள். அதை முடக்கினால் கிருமி பட்டினியில் சாகும். முடக்கும் மருந்தைத் தேடியே தலை நரைத்தது. கடைசியில் கிடைத்தது. மருந்து விட்ட குடுவையில் ஒன்றுகூட அசையவில்லை என்று சொன்ன அன்று, அதிசயமாக எனக்கு அவளே பரிமாறினாள்.

அடுத்த வருடம் அவள் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. லாரி ஓட்டுகிறவன், ஆறடி ஆள், ஆனாலும் வீட்டில் அவன் வாண்டுதான். சோதித்துப் பார்த்தால் அதே கிருமி. மருத்துவமனையில் போட்ட ஊசி கிருமியையும் அடித்தது, இருதயத்தையும் அடித்தது, பாதியில் நிறுத்திவிட்டார்கள். அடுத்துக் கொடுத்த மருந்து அவனுக்குக் கேட்கவே இல்லை. எல்லோரும் இவள் முகத்தைப் பார்த்தோம்.

"கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலையிற கதையா இருக்கே. உன் மருந்தக் குடுடி" என்றார் என் மாமியார்.

"மனுஷனுக்கு இதுவரைக்கும் குடுத்ததில்லம்மா. மொதல்ல அவன் உடம்புல இருக்கிற கிருமி சாகுதான்னு பாக்கணும்."

டாக்டர் அவன் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஒரு துளி எடுத்துக் கொடுத்தார். அதைக் குடுவையில் விட்டு, மேலே 'வாண்டு' என்று எழுதி வளர்த்தாள். பெருகியதும் ஒரு பங்கைப் பிரித்து மருந்தை விட்டாள். முடிவு தெரியும் நாளில் நானும் கூடப் போனேன். நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தவள், எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள். எனக்கு அறிவியல் தெரியாது. ஆனால் நீந்துவது தெரியும். அத்தனையும் நீந்திக்கொண்டிருந்தன.

காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். வாண்டுவின் கிருமியில் அதே வேலையைச் செய்யும் இன்னொரு புரதம் இருந்தது. ஒரு கதவை அடைத்தால் மறு கதவால் சாப்பாடு உள்ளே போய்விடும். ஆய்வகக் கிருமிக்கும் ஒரு காலத்தில் அந்த மறு கதவு இருந்திருக்கிறது. வேளா வேளைக்குச் சாப்பாடு கிடைத்த சுகத்தில் அந்த மரபணுவைத் தொலைத்துவிட்டது. சோறு வைத்து அதைக் கெடுத்தவளே இவள்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவனிடம் அவளே போய்ச் சொன்னாள். தலையணையில் சாய்ந்தபடி முழுவதும் கேட்டான்.

"அப்போ ஓநாய்க்குன்னு மருந்து செஞ்சு, வீட்டு நாய்க்குக் குடுத்துப் பாத்திருக்கே. அதானேக்கா?"

அவள் தலையாட்டினாள். அவன் சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, இத வச்சு அவள ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றான். அவள் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் அந்தக் கிருமியை அவள் அளவுக்கு அறிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அறிந்து என்ன? போர்வையை இழுத்துவிடத்தான் முடிந்தது.

மழைக்காலம் தொடங்குமுன் அவன் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அவள் ஆய்வகத்துக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது மாமியார் வாசலில் வந்து நின்றார்.

"அவன் பேரு போட்டு வச்சிருக்கியே, அது இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. அதுக்குச் சாப்பாடு வைக்கத்தான் போறேன்."

"எம்புள்ளையத் தின்னது அது. அத எதுக்குடி இன்னும் உசுரோட வச்சிருக்கே?"

அவள் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் அதக் கொல்லத் தெரியலம்மா."