செம்பாறைப் பள்ளத்தாக்கில் என் கிரைண்டர்

விடியற்காலையில் மலை ஏறலாம் என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். அதுவும் அக்டோபர் மாத ஜெர்மனியில், மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிரில். ஆனால் என் கணவர் விடவில்லை. வால்டோர்ஃபில் அவரோடு வேலை பார்க்கும் நண்பர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வருகிறார்களாம். பிரெஞ்சு எல்லைப் பக்கம் காட்டுக்குள் ஒரு பள்ளத்தாக்கு. வெயில் பட்டால் பாறையெல்லாம் நிறம் நிறமாய் மின்னுமாம். அமெரிக்கப் பாலைவனத்துக்கே போன மாதிரி இருக்குமாம். "நீ இட்லி மட்டும் கொண்டு வா, போதும்" என்றார். அத்தனை குடும்பங்களுக்கும் இட்லி அவிப்பது அவருக்கு ஒரு 'மட்டும்'.

அந்தக் குளிரில் மாவு லேசில் பொங்காது. ஓவனுக்குள் வைத்து, அதன் விளக்கை எரியவிட்டுக் காவல் காக்க வேண்டும். அரைத்த கிரைண்டர் மதுரையிலிருந்து என்னோடு விமானத்தில் வந்தது. பிராங்க்ஃபர்ட்டில் சுங்க அதிகாரி அதன் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு ஜெர்மனில் ஒரு வார்த்தை தெரியாது. கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிவிட்டு, அவமானத்தில் கூனிக் குறுகி வெளியே வந்தேன். ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அந்த வீம்பில்தான் மாலை வகுப்பில் சேர்ந்து மூன்று வருடம் ஜெர்மன் படித்து, பரீட்சையும் எழுதினேன். மலைக்குப் போவதற்கு முந்தின வாரம், எங்கள் தெருமுனை மழலையர் பள்ளியில் உதவியாளர் வேலை கிடைத்தது. நவம்பரில் சேர வேண்டும். அவரிடம் சொன்னதும், "சூப்பர்!" என்று கை குலுக்கி, கடைவீதிக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளத்தாக்கைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள். ரோஸ், ஆரஞ்சு, குங்குமச் சிவப்பு, நடுவே மஞ்சள் வரிகள். வெயில் உச்சியிலிருந்து மெல்ல இறங்க, ஒவ்வொரு நிறமாக விழித்துக்கொண்டது. வழியில் ஒரு பலகை இருந்தது. அந்தப் பாறையெல்லாம் மனிதர்கள் தோன்றுவதற்கு வெகு முன்னால் பாலைவன மணலாகக் கிடந்தது என்று எழுதியிருந்ததை எல்லாருக்கும் தமிழில் சொன்னேன்.

"நீங்க போயிட்டா, இனிமே யாரு எங்களுக்குப் போர்டு படிச்சு சொல்றது?" என்றார் நண்பர் ஒருவர்.

வேலைக்குப் போவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "சனி ஞாயிறு லீவுதான். கூப்பிட்டா வந்துட்டுப் போறேன்" என்றேன். ஒன்றிரண்டு பேர் முழித்தார்கள். என் கணவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரம் போனதும், அந்த வருடம்தான் கல்யாணமாகி வந்திருந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து ஹாட்பாக்ஸை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, கிரைண்டர் எனக்குத்தான்னு அண்ணா சொல்லியிருக்காரு. டிவியும் ஷூ ரேக்கும் வேற யாரோ கேட்டுட்டாங்களாம். அதான், கன்ஃபார்ம் பண்ணிக்கலாம்னு கேட்டேன்."

"நான் ஏன் கிரைண்டரைக் குடுக்கணும்?"

"டிசம்பர்ல ஊருக்கே போறீங்கள்ல?" அவள் முகம் வெளிறியது. "அக்கா... இன்னைக்கு உங்களுக்கு சென்ட்-ஆஃப் தானே?"

"அண்ணா எப்பம்மா சொன்னாரு?"

"போன மாசம்."

எங்கள் ஆட்களிடம் இது வழக்கம்தான். ஒரு குடும்பம் ஊர் திரும்புகிறது என்றால், கட்டில் முதல் கரண்டி வரை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். என் வீட்டுச் சோபாவே அப்படி வந்ததுதான். ஆனால் வீட்டுக்காரிக்கே தெரியாமல் பிரித்துக் கொடுக்கப்பட்ட வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவர் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். "என் கிரைண்டரைத் தானம் பண்ணிட்டீங்களாமே?" என்றேன்.

"இல்லம்மா, சொல்லலாம்னுதான்... சென்னையில மேனேஜர் போஸ்ட். நீ எக்ஸாம் டென்ஷன்ல இருந்தே. இங்க வச்சு, நல்ல மூட்ல, சர்ப்ரைஸா..."

"ஐஸ்கிரீம் வாங்கித் தந்தப்போ தெரியுமா?"

கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு, "சின்னப் பிள்ளைங்க சென்னையிலயும் இருக்காங்களே. அங்கயும் வேலை கிடைக்கும்" என்றார்.

வேலை கைவிட்டுப் போனது வலித்தது. அதைவிட, பிள்ளைகளுக்கு என்னென்ன பாட்டு சொல்லித் தருவேன் என்று நான் அன்று வாய் ஓயாமல் பேச, எல்லாம் தெரிந்த மனிதர் தலையாட்டிக்கொண்டே கோன் ஐஸைக் கடித்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என்னை வழியனுப்பும் விருந்துக்கு என்னையே மாவாட்ட வைத்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்து இட்லி பூவாக இருந்தது. அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது குரூப் போட்டோ எடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். கைத்தடியோடு வந்த ஒரு ஜெர்மன் அம்மாளிடம் வழக்கம்போல என்னைத்தான் பேச அனுப்பினார்கள். கேமராவைக் கொடுக்க என் கணவரும் கூட வந்தார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, எதற்குக் கொண்டாட்டம் என்று என்னிடம் கேட்டார்.

"இவர் என் கணவர். நாங்கள் இந்த நாட்டை விட்டே போகிறோமாம். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார், எனக்குச் சொல்லவில்லை. இன்று காலை வரை நான் இவரை நம்பினேன்" என்று ஜெர்மனில் நிதானமாகச் சொன்னேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். தன்னைப் பற்றி நான் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார் போல, "யா, யா, டாங்கே!" என்று தலையாட்டினார் என் கணவர். 'ஆமாம், நன்றி': அவர் அங்கே கற்றுக்கொண்ட ஜெர்மன் அவ்வளவுதான். நிஜமாகவே படம் எடுக்கவா என்று அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் கேட்டார். எடுங்கள் என்றேன்.

டிசம்பரில் அவரோடுதான் விமானம் ஏறினேன். என் விசா அவருடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது; வேறு வழி இருக்கவில்லை. கிரைண்டர் அங்கேயே நின்றுவிட்டது.

அந்தப் படம் சென்னையில் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. சிவந்த பாறைக்கு முன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். வருகிறவர்களிடம் அவர், "ஒரு ஜெர்மன்காரம்மா எடுத்தது. இவதான் அவங்க பாஷையிலயே பேசி எடுக்க வச்சா" என்று பெருமையாகச் சொல்வார். என்ன பேசினேன் என்று இன்றுவரை கேட்டதில்லை.